அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள், சாமி

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும்,

இயேசுவுக்குப் புகழ்!

போன ஞாயிறு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். தவக்காலக் காணிக்கை உறையைத் திருப்பித் தராத குடும்பங்கள் என்று அதற்குத் தலைப்பு. அன்பியம் வாரியாக, அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்கள் வாரியாகப் பெயர்கள். எங்கள் பெயரும் இருக்கிறது. உறையின் மேல் குடும்பத்துக்கு 1,000 ரூபாய் என்று அச்சடித்தது யார் முடிவு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நீங்கள் வாசித்தது மத்தேயு ஆறாம் அதிகாரம். வருடாவருடம் அதேதான். தர்மம் செய்தால் தம்பட்டம் அடிக்காதே, வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம். பிரசங்கமும் நன்றாகவே இருந்தது. கொடுத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, கொடுக்காதவர் பெயரை மட்டும் ஒட்டலாமா?

விசைப்படகுத் தொழில் உங்களுக்குத் தெரியாததல்ல. டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சினால்தான் என் வீட்டுக்காரருக்குப் பங்கு. மிஞ்சாத நாளும் உண்டு. கரைக்கு வரும்போது கறிக்கென்று கொஞ்சம் மீன் கையில் கொடுப்பார்கள். முன்பு அது நேரே சட்டிக்குப் போகும். இப்போது தெருமுனையிலேயே கூறு போட்டு விற்றுவிடுகிறேன். வீட்டில் புளியைக் கரைத்து, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு, கத்தரிக்காயை நறுக்கிப் போட்டுக் கொதிக்க வைப்பேன். வாசனை எல்லாம் மீன் குழம்புதான், மீன் மட்டும் இருக்காது. மகன் கரண்டியை விட்டு அடியில் ஒரு தடவை துழாவுவான். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவான்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கு இறைச்சி கூடாது, மீன் ஆகும் என்கிறது திருச்சபை. மீன் பிடிக்கிற வீட்டில் அதுவும் ஆகவில்லை. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு, 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான் என்று சட்டம் சொல்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கிறவனும் எழுபதைத் தாண்டிய மாமியாரும் எங்களோடு சேர்ந்து இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ரேஷனில் சும்மா கிடைக்கும் அரிசியும், 30 ரூபாய் துவரம்பருப்பும், 25 ரூபாய் பாமாயிலும் இல்லையென்றால் அடுப்பே எரியாது.

இதிலும் மிச்சம் பிடித்தாக வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் படகு கடலுக்குப் போகாது. அரசு நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131. தடைக்காலம் முடிவதற்குள் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அந்த உறையில் அச்சடித்திருப்பது எங்களுக்கு ஒரு வாரச் செலவு.

தலைக்கட்டு வரி தருகிறோம். திருவிழா வரி தருகிறோம். போன வருடம் புது ஒலிபெருக்கிக்கும் கேட்டீர்கள், தந்தோம். பழையதே நடுக்கடலில் இருப்பவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதையில் ஐந்தாம் ஸ்தலத்தில் முழந்தாளிடுகிறோம். சிலுவை சுமக்க உதவிய சீமோன், உதவாமல் நின்றவர்களின் பெயரை எழுதி எருசலேம் வாசலில் ஒட்டியதாக எங்கும் வாசிக்கக் கேட்டதில்லை. எளிமையைப் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்கும் பேரவைப் பெரியவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கணக்கை நடத்திப் பார்க்கட்டும். சரி, இதெல்லாம் கூட்டத்தில் பேச வேண்டியது. பெண்கள் பேசினால் நேரமாகிவிட்டது என்று ஜெபம் சொல்லி முடித்துவிடுவீர்கள் என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.

கொடுக்க மனமில்லாமல் இல்லை, சாமி. மாமியார் காலத்தில் பிடி அரிசிதான் வழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், தவக்காலம் முடியும்போது அது கோயிலுக்குப் போகும். யார் பானையில் எவ்வளவு என்று எவரும் அளக்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் நாளைக்கே என் வீட்டில் பானை வைக்கிறேன்.

வருகிற ஞாயிறு முதல் பூசைக்கு முன்னால் அந்தத் தாளை எடுத்துவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடம் உறையில் தொகையும் பெயரும் வேண்டாம். முடிந்தவர்கள் முடிந்ததை வைக்கட்டும், முடியாதவர்கள் வெறும் உறையை ஒட்டிப் போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த,
பட்டியலில் பெயருள்ள ஒருத்தி