1918 தெரிகிறது, 1921 தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் சமூக அறிவியலை ஒப்பிக்கிற பாடமாகவே பார்க்கிறார்கள் என்று சென்ற இதழில் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். வடசென்னையில் பட்டாளம் என்ற பகுதியில் மாலை வகுப்பு எடுக்கிறவன் நான். உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் பழியை முழுக்கப் பிள்ளைகள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒப்பிக்க மட்டுமே தோதான அளவுக்குப் பாடத்தைச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, ஒப்பிக்கிறார்களே என்று குறைப்பட்டால் எப்படி?

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 10ஆம் வகுப்புப் புத்தகத்தில் தமிழகத் தொழிலாளர் இயக்கம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் சென்னைத் தொழிலாளர் சங்கம், ஆண்டு 1918. பி.பி. வாடியா, திரு.வி.க., சிங்காரவேலர் ஆகிய பெயர்கள். 1923இல் சிங்காரவேலர் நடத்திய முதல் மே தினம். இவற்றை என் வகுப்பில் எவனை எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் சொல்வார்கள், அவர்களுக்கும் அது ஒரு மதிப்பெண் கேள்விதான். அந்தச் சங்கம் எந்த மில் தொழிலாளர்களால் உருவானது, மில் எங்கே இருந்தது என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். நான் சொன்னதும் ஒரு பையன், "பின்னி மில்லா சார்? ஷூட்டிங் எடுப்பாங்களே, அதுவா?" என்றான். அதேதான். வகுப்பிலிருந்து நடந்து போகிற தூரம்.

பக்கிங்ஹாம் மில் 1876இல் தொடங்கியது, கர்நாடிக் மில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. இரண்டும் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவை. பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு எல்லாம் இந்த மில்களைச் சுற்றித்தான் நிரம்பின. 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் ஓர் ஆண் தொழிலாளியிடம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மில் வாசல் தாண்டி, கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, நாலு வாய் போட்டுக்கொண்டு திரும்ப ஓடிவர வேண்டும். தாமதமானால் கதவு சாத்திவிடும், அன்றைய கூலி போச்சு. சங்கம் எழுப்பிய முதல் கோரிக்கைகளில் இந்தச் சாப்பாட்டு நேரமும் ஒன்று. ஏதோ பெரிய தத்துவத்திலிருந்து தொழிற்சங்கம் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கிறது. லஞ்ச் பெல் அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே டப்பாவைத் திறக்கிறவர்கள் அவர்கள், சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

சங்கம் பிறந்த விதமும் சுவாரசியமானது. பெரம்பூர்ப் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்திச் சபை நடத்தி வந்தார்கள். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க வந்த கூட்டத்தில் மில் தொழிலாளர்கள்தான் அதிகம். அப்படிப் பேச வந்தவர்களில் திரு.வி.க.வும் ஒருவர். தொழிலாளர் குறைகளை எடுத்துக்கொண்டு அந்த இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரோடு இருந்த வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சங்கம் தொடங்கியது, வாடியா தலைவர். ஆக, இங்கே தொழிற்சங்கம் பக்திச் சபைத் திண்ணையில் முளைத்தது. இது புத்தகத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

அடுத்து நடந்ததும் முக்கியம். 1920இல் மில்லில் கதவடைப்பு நடந்தது, அதாவது நிர்வாகமே மில்லை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. கம்பெனி வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்று தடை உத்தரவும் வாங்கியது. சங்கம் வைத்தாலே வழக்கு பாயும் என்றால் யார் வைப்பார்கள்? தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். அதன் தொடர்ச்சிதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். பிள்ளைகள் 1918ஐத் தனியாகவும் 1926ஐத் தனியாகவும் படிக்கிறார்கள். இரண்டையும் இணைக்கிற கண்ணி இந்த மில் இருந்த பேரக்ஸ் ரோட்டில் கிடக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 1921.

அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த மில்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தங்கள் தலைவர் எம்.சி. ராஜாவின் யோசனைப்படி வேலைக்குத் திரும்பினார்கள். அப்புறம் நடந்தது மோதல். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஊரை விட்டு ஓடியவர்களை அரசு வியாசர்பாடிப் பக்கம் முகாமில் தங்கவைத்தது. ஆகஸ்ட் 29ஆம் தேதி போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் பலர் செத்தார்கள். முடிவில் வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் தொடங்கி மூன்றே ஆண்டில், அதே தெருக்களில், அதே தொழிலாளர்களுக்குள் நடந்தது இது.

பள்ளிப் பாடத்தில் இதற்கு இடமில்லை. நான் பார்த்த கைடுகளிலும் இல்லை. முதல் சங்கம் எங்கள் ஊரில்தான் என்ற பெருமையோடு பாடம் முடிந்துவிடுகிறது.

ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் கருங்காலிகள், வெள்ளைக்காரனோடு சேர்ந்து போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. என் சிறுவயதில் டீக்கடையில் பெரியவர்கள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். இது அரைகுறைப் பேச்சு. மாதக்கணக்கில் கூலி இல்லாமல் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்? கிராமத்தில் கொஞ்சம் நிலமோ, கடன் கொடுக்கச் சொந்தக்காரரோ இருந்தவர்களால் முடியும். சேரியில் கடனிலேயே காலம் தள்ளியவர்களுக்கு அந்த வசதி ஏது? அது மட்டுமா, தண்ணீர்ப் பானையில் தீட்டுப் பார்த்த அதே ஆள் மில் வாசலில் "தோழா, வா" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் நம்பிப் போவார்கள்? இன்னொரு பக்கம், பிளவு இருப்பது தெரிந்து அதை நிர்வாகமும் அரசும் பயன்படுத்திக்கொண்டன என்பதும் உண்மை. கொடுமை என்னவென்றால், அப்போது மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சிக்காரர்கள் பலர் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நின்றார்கள், ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்ற குரலும் அந்தப் பக்கமிருந்தே எழுந்தது. எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு விலகியதை இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

"இதையெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் வகுப்பில் வம்பு வராதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும்தான் என்னிடம் வருகிறார்கள். போன ஆண்டு சொல்லிப் பார்த்தேன். வம்பு வரவில்லை, கேள்விதான் வந்தது. "சங்கம் ஏன் சார் முதல்லயே எல்லாரையும் ஒண்ணா உட்கார வைக்கல?" என்று ஒரு பெண் கேட்டாள். தலைமை தாங்கியவர்கள் வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும், சேரிக்குள் போய் வேலை செய்தவர்கள் குறைவு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது முழுப் பதிலில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. 1918ஐ மட்டும் நடத்திய ஆண்டுகளில் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. தெருவில் சாதி எப்படிப் புழங்குகிறது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது போல நடத்துவது பாடப்புத்தகம்தான்.

வடசென்னைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இப்படிக் கைகொடுக்காமல் போவது வரலாற்றில் மட்டுமில்லை. மெரினாவின் அழகைப் படிக்கிறார்கள். அந்த மணல் எப்படிச் சேர்ந்தது என்று படிப்பதில்லை. நம் கரையோரம் அலைகள் ஆண்டு முழுவதும் மொத்தத்தில் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. 1870களின் நடுவில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தடுக்கப்பட்டுச் சேர, மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. காசிமேட்டிலிருந்து வடக்கே போனால் மணலுக்குப் பதில் கொட்டிவைத்த கருங்கல்தான் தெரியும். அங்கிருந்து வரும் பையன், "எங்க வீட்டாண்ட பீச்சே இல்லையே சார்" என்கிறான். அவனுக்குப் புவியியல் பாடம் அந்தக் கல் மேலே நின்று நடத்த வேண்டியது. சரி, இது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

மில் 1996இல் மூடப்பட்டது. நிலம் கைமாறி, இப்போது ஒரு பகுதியில் உயரமான அடுக்குமாடிகள் நிற்கின்றன. கடைசிக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், இளையவர்களுக்கே அறுபதை ஒட்டி வயதாகிவிட்டது. என் அப்பாவும் அங்கே தறி ஓட்டியவர்தான். அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க எனக்குத் தோன்றுவதற்குள் போய்விட்டார். 1921ஐ நேரில் கண்டவர்கள் இன்று இல்லை. ஆனால் அப்பனும் பாட்டனும் சொல்லக் கேட்டவர்கள் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஓட்டேரியிலும் இருக்கிறார்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்த வேறுபாடுகளோடு அவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.

பாடநூல் கழகம் அடுத்த முறை புத்தகத்தைத் திருத்தும்போது அந்தச் சில வரிகளை ஒரு பக்கமாக்கி, 1921ஐயும் அதில் சேர்க்க வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டாகுமோ தெரியாது. அதுவரை இந்த வட்டாரத்துப் பள்ளிகள் தாமாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செயல்திட்டம் என்று சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்க வைக்கிறோம் அல்லவா? அதற்குப் பதிலாகத் தெருவில் மில்லில் வேலை பார்த்த ஒரு தாத்தாவையோ அவர் வீட்டுப் பாட்டியையோ பார்த்து, அவர்கள் சொல்வதை நாலு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். சம்பளம் எவ்வளவு, எந்த ஷிப்ட், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மில் மூடிய அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரா வாரம் வினாடி வினா போடுகிறீர்கள். அதில் கால் பக்கத்தை ஒதுக்கி, பிள்ளைகள் எழுதிவரும் இந்தக் குறிப்புகளில் நல்லதாக ஒன்றை வெளியிடுங்கள். முதல் கட்டாக என் வகுப்பிலிருந்து சிலவற்றை இந்த மாதக் கடைசிக்குள் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து கொஞ்சம் கோழிக் கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
பட்டாளம், சென்னை