கரண்ட் கொடுக்கும் முன்

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே தென்மேற்கு மழை பிடித்துவிட்டது. காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரத்தோடு தொங்குகிறது. உங்கள் பண்டாரவளைப் பக்கம் இப்போது காற்றும் வெயிலுமாக இருக்கும். நீ வாங்கிய அந்தப் பழைய டிவி கேமைத் திறந்து சுத்தம் செய்ய இதைவிட நல்ல காலம் வராது. அதனால்தான் தாமதிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அடப்டர். பெட்டியோடு வந்ததைச் சுவரில் சொருகவே வேண்டாம். அதன் முதுகில் 100 வோல்ட் என்று இருந்தால் அது ஜப்பான் வீட்டுக் கரண்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் கருகிவிடும்; கருகும் முன்பே மெஷினுக்குள் இரண்டு மடங்கு வோல்ட் ஏறியிருக்கும். ஜப்பான் மெஷின் வந்த முதல் நாளே செத்துப்போனால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மெஷின் வெள்ளையும் சிவப்பும் என்று எழுதியிருக்கிறாய். 1983-இல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பனி விட்ட அசல் ஃபெமிகொம் மெஷினாகவும் இருக்கலாம், அதே தோற்றத்தில் வந்த கொப்பி மெஷினாகவும் இருக்கலாம். கொன்ட்ரோலரைப் பார். அசலில் இரண்டு கொன்ட்ரோலரின் வயரும் மெஷினுக்குள்ளேயே போகும், கழற்ற முடியாது. இரண்டாவது கொன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் கிடையாது. அந்த இடத்தில் சின்ன மைக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபொத்தானும் இருக்கும். வயர் கழன்று வந்து, பக்கவாட்டில் மஞ்சள் ஏவி ஓட்டையும் (படத்தை வயரால் நேராக டிவிக்குக் கொடுப்பது) இருந்தால் கொப்பி.

கொப்பி என்று மனம் விட்டுவிடாதே. விளையாட நம் ஊருக்கு அதுதான் வசதி. அசல் ஃபெமிகொம் படத்தை ஜப்பானின் 1ஆம், 2ஆம் சனலில் அனுப்பும்; நம் டிவி அந்த அலைவரிசையைப் பிடிக்காது. உள்ளே வேலை செய்து ஏவி ஓட்டை வைத்தாலும் வருவது என்டிஎஸ்சி என்ற ஜப்பான் கலர் முறைப் படம். நம் நாட்டு பால் (PAL) கலர் முறை மட்டும் தெரிந்த பழைய டிவியில் அது கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். நம் சந்தைக்கென்று வந்த கொப்பி நேராகக் கலரில் வரும். ஒரு குறை: செக்கனுக்கு 60 படம் ஓட வேண்டிய கேம் 50 படம்தான் ஓடும். மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவான், பாட்டும் இழுக்கும். பழகாத கைக்கு அது உதவிதான்.

அசலுக்கு வேண்டியது 10 வோல்ட் டீசி, 850 மில்லி அம்பியர், நடு மைனஸ்; அதாவது சொருகும் முனையின் நடுத் துளை மைனஸ், வெளி வளையம் பிளஸ். இப்போது டவுனில் கிடைக்கும் அடப்டர்கள் பெரும்பாலும் நடு பிளஸ். மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். கொப்பிக்கு எது என்பது அதன் முதுகில் உள்ள படத்தில் இருக்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டீசியில் வைத்து, சிவப்பு முனையை நடுத் துளையிலும் கறுப்பை வெளி வளையத்திலும் பிடி. எண்ணுக்கு முன்னால் மைனஸ் அடையாளம் வந்தால் அந்த அடப்டர் நடு மைனஸ். 9 வோல்ட் என்று போட்ட பாரமான பழைய வகை 12, 13 காட்டும்; மெஷின் இழுக்கத் தொடங்கியதும் இறங்கிவிடும், பயப்படாதே. ஆனால் 12 வோல்ட் அடப்டர் மட்டும் வேண்டாம். உள்ளே 7805 என்று ஒரு மூன்று கால் பாகம், வருவதை 5 வோல்ட்டாக்கிவிட்டு மிச்சத்தை வெப்பமாகத் தள்ளும். அரை அம்பியர் ஓடினால் 9 வோல்ட்டில் 2 வாட் சூடு, 12 வோல்ட்டில் 3.5 வாட். அரை மணித்தியாலத்தில் படம் நடுங்கி நின்றுபோவது அந்தச் சூட்டால்தான்.

இனிக் கேசட். ஊதாதே, உன் மகனையும் ஊத விடாதே. ஊதினால் வேலை செய்வதுபோல் தெரியும். உண்மையில் கழற்றித் திரும்பச் சொருகியதால் கேசட்டின் அடியில் உள்ள செம்புப் பல் சரியாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மூச்சில் போகும் ஈரம் செம்பில் தங்கிப் பச்சை பூக்கும். மலைநாட்டுக் குளிருக்கும் மூடுபனிக்கும் அது இரட்டை வேகத்தில் நடக்கும்.

99 வீத ஐசோப்ரோப்பில் அல்ககோல் வாங்கு, இலக்ட்ரோனிக் சாமான் கடையில் கிடைக்கும். பாமசி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கிறது. அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அரை நாள் காயவிட வேண்டும். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சியை நனைத்து, 60 பல்லையும் இரு பக்கமும் நீளவாட்டில் தேய். முதல் குச்சி கன்னங்கரேலென்று வரும், இரண்டாவது சாம்பல், நான்காவது ஐந்தாவது வெள்ளையாகவே வரும்; அப்போது நிறுத்து. அப்படியும் கறுப்புத் தங்கினால் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டி, மறுபடி அல்ககோல். மணல் பேப்பர் தொடவே கூடாது. பல்லின் மேல் பூச்சு மிக மெல்லியது. அது போனால் ஒரே மழைக்காலத்தில் துரு. மெஷினின் வாய்க்கு, பழைய டெலிபோன் கார்ட் ஒன்றில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நனைத்து ஐந்தாறு தடவை விட்டு எடு. பத்து நிமிடம் பொறுத்துப் பிறகு கரண்ட் கொடு.

வாங்கும்போதே கேசட்டைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ‘ஆயிரம் கேம்’ என்று லேபல் ஒட்டியவற்றில் இருப்பது ஏழெட்டுக் கேம்தான், அதையே வெவ்வேறு கட்டத்தில் தொடங்க வைத்திருப்பார்கள். உள்ளே சிப்புக்குப் பதில் கறுத்த தார்ச்சொட்டுப் போல ஒன்று இருந்தால், அது பழுதானால் திருத்த வழி கிடையாது. கேமைப் பாதியில் சேமிக்கும் வசதியுள்ள அசல் கேசட்டுகளில் பெரும்பாலும் சிஆர்2032 பெட்டரி இருக்கும். அது இறந்தால் சேமித்தது போகும், கேம் போகாது. கால் ஒட்டிய பெட்டரியாக வாங்கி மாற்று. வெறும் பெட்டரியில் நேராக ஈயம் வைக்காதே, வெடிக்கும்.

கொன்ட்ரா என்ற கேமில் ஆட்கள் மினுங்கி மறைவதைப் பார்த்து மெஷின் கெட்டது என்று நினைத்துவிடாதே. ஆட்களைச் சின்னச் சின்னத் துண்டாகத்தான் வரையும்; ஒரு கிடைக்கோட்டில் 8 துண்டுக்கு மேல் இந்த மெஷினால் வரைய முடியாது. ஒன்பதாவது வந்தால் மாற்றி மாற்றிக் காட்டும். அது மெஷினின் எல்லை.

வைக்கும் இடம் முக்கியம். விறகு அடுப்புப் புகை படும் அறையில் வைத்தால் எண்ணெய்ப் படலம் ஏறி, அதில் தூசி ஒட்டும். மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் கேசட்டுகளோடு ஈரம் உறிஞ்சும் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு வை. நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் காயவைத்தால் மறுபடி உதவும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் இருக்கிறது, அது விஷம். ஆரஞ்சு நிறத்ததையே வாங்கு, சமையல் சட்டியில் எதையும் வறுக்காதே. ப்ளேஸ்டேஷன் டிஸ்க்கில் பூஞ்சணம் பூத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடை. வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தகவல் ஓடும் பாதையோடேயே போவதால், விட்டுப்போனதை மெஷினால் ஈடுகட்ட முடியாது. ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி இறங்குமே, அப்போது பிளக்கோடு அன்டனா வயரையும் பிடுங்கு. கரண்ட் வயர் வழியாக வராத மின்னல் அன்டனா வழியாக வரும்.

பெட்டியில் துப்பாக்கி ஒன்றும் இருக்கிறது என்றாயே, அதற்குப் பின்பக்கம் பெருத்த பழைய டிவிதான் வேண்டும். வாத்துச் சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. ஒரு கணம் என்பது செக்கனில் அறுபதில் ஒரு பங்கு. தட்டை டிவி படத்தைத் தயாரித்துக் காட்டுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும், எவ்வளவு குறி பார்த்தாலும் விழாது. மற்ற கேம்களுக்குத் தட்டை டிவி போதும். மெனுவில் கேம் மோட் என்பதைப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் பாய்ச்சல் பிந்தும். பழைய டிவியின் முதுகை மட்டும் நீ திறக்காதே. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாயில் தங்கியிருக்கும்.

மகனுக்குப் பழையதா புதியதா என்று கேட்டாய். 1985-இல் வந்த சூப்பர் மரியோ மொத்தமும் 40 கிலோபைட். அதில் வரும் மேகமும் செடியும் ஒரே படம், நிறம்தான் வேறு. இடமில்லாததால் கட்டங்கள் குறைவு. அதனால் கஷ்டத்தைக் கூட்டி, தோற்றால் முதலிலிருந்து வரவைத்தார்கள். பெரியவர்களுக்கு அது சுகம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அழுகை வரும். புதிய கேம்கள் இந்த விஷயத்தில் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன. 2018-இல் வந்த செலெஸ்ட்டில் கேமின் வேகத்தையே பாதிவரை குறைத்துக்கொள்ளலாம். பிள்ளை கற்றுக்கொள்ளக் கொள்ளக் கூட்டிக்கொண்டே போகலாம். அதை வாங்கிக் கொடு.

எனக்கு மனம் ஆறாதது வேறொன்று. த க்ரூ என்ற கார் கேம் 2014-இல் வந்தது. இணையம் வழியாக அதை ஓடவைத்த கம்பனிச் சேர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருந்தும் ஒருவராலும் விளையாட முடியாமல் போனது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் த்ரீடிஎஸ், வீ யூ மெஷின்களின் இணையக் கடைகளை மூடியபோது, அங்கே மட்டும் விற்ற கேம்களைப் புதிதாக வாங்கும் வழியும் அடைபட்டது. நாற்பது வருஷத்துக் கேசட்டை நாம் பஞ்சுக் குச்சியால் எழுப்பிவிடுகிறோம். இதை எதால் எழுப்புவது? அதனால் ப்ளேஸ்டேஷன் 5 எடுப்பதானால் டிஸ்க் போடும் வாய் உள்ளதையே எடு. இணையம் இல்லாமல் டிஸ்க்கிலிருந்தே ஓடும் கேமா என்று கேட்டு வாங்கு. பல கேம் 50, 100 கிகாபைட் இறக்கச் சொல்லும். டேட்டா கார்ட் ஒரே இரவில் காலியாகும்.

அடப்டரின் முதுகையும் மெஷினின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும். 7805 கருகியிருந்தால் என்னிடம் இரண்டு இருக்கிறது, பண்டாரவளை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்