டிர்க் வில்லெம்ஸுக்கு அப்புறம் என்ன ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், உடைந்த பனிக்கட்டிக்குள் விழுந்தவருக்கு ஒருவர் குனிந்து கை கொடுக்கும் பழைய டச்சுப் படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் எட்சிங் வேலையை நாற்பது வருடம் செய்தவன் நான். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கீழே ‘ஆபத்தில் உதவி’ என்று இரண்டே சொற்கள். மனம் ஆறவில்லை. கை கொடுத்தவர் அதனாலேயே பிடிபட்டு, உயிரோடு எரிக்கப்பட்டார். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் போடக் கூடாது.

அவர் பெயர் டிர்க் வில்லெம்ஸ், ஊர் நெதர்லாந்தின் ஆஸ்பெரன். விவரம் தெரிந்த வயதில் ஒருவர் தானே விரும்பிப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்று நம்பிய அனபாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரில் ஒருவர். அப்போதைய சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. சிறையிலிருந்து தப்பி, உறைந்திருந்த தண்ணீர்மேல் ஓடிக் கரை சேர்ந்துவிட்டார். துரத்தி வந்த காவலர் பனி உடைந்து உள்ளே விழுந்தார். டிர்க் திரும்பிப் போய் அவரைத் தூக்கிவிட்டார். காவலருக்கு அவரை விட்டுவிடத்தான் மனம். கரையில் நின்ற நகரத் தலைவரோ, எடுத்த சத்தியத்தை நினைத்துப் பார் என்று அதட்டினார். 1569இல் டிர்க்கை எரித்தார்கள். பலமான காற்று தீயை மேலுடம்பிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்ததால் உயிர் லேசில் போகவில்லை.

நூறு வருடம் கழித்து இதை வரைந்தவர் ஆம்ஸ்டர்டாமின் யான் லாய்க்கன். அவரும் அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மென்னோனைட் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின் கதைகளைச் சொல்லும் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்ற பெரிய புத்தகத்தின் 1685 பதிப்புக்காக 104 படங்கள் செய்தார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட வேண்டும். அச்சிடும்போது வலக்கை இடக்கையாகத் தலைகீழாகிவிடும் என்பதையும் மனதில் வைத்தே கீற வேண்டும். அமிலம் அரித்த கோடு தவறென்றால், அந்த இடத்தையே சுரண்டித் தேய்த்து மெருகேற்றினால்தான் போகும். டிர்க் நீட்டும் அந்த இரண்டு கைகளைக் கீறும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தீயைத்தான் வரைய வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1573இல் ஆன்ட்வெர்ப்பில் மாய்கன் வென்ஸ் என்ற தாயை, அதே நம்பிக்கைக்காக, பேசவிடாமல் நாக்கில் திருகாணி முடுக்கி எரித்தார்கள். மூத்த மகன் அட்ரியான், மூன்று வயதுத் தம்பியோடு பார்க்க வந்தவன், மயங்கி விழுந்துவிட்டான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்தான். லாய்க்கன் வரைந்தது அந்தத் தேடலைத்தான். அந்தப் படத்தை என்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடிந்ததில்லை.

முடிந்தால் டிர்க்கின் படத்தை இன்னொரு முறை போடுங்கள், அவர் பெயரோடும் லாய்க்கன் பெயரோடும். கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். விரல்கள் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்