“வக்கீல் எப்போது வருவார்?”

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. இறுதி வாதம் ஒன்று இழுத்துக்கொண்டே போனதால் பதில் எழுத முடியவில்லை. இப்போது தீர்ப்புக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள், மூச்சு விட முடிகிறது. அலுவலகப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்பவே சந்தோஷம். தலைவலிகளும் கூடவே வரும், அது தெரிந்ததுதானே.

சரி, நீ கேட்ட விஷயம். வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர் உன் ஜூனியர் வக்கீலிடம் “வக்கீல் எப்போம்மா வருவார்?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் கேஸ் பேச ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பெண்ணும் “பெரிசா ஒண்ணுமில்ல மேடம்” என்று விட்டுவிட்டாள். இதையெல்லாம் புகாராக எடுக்க முடியுமா என்று கேட்கிறாய்.

2020-ல் இங்கிலாந்தில் கறுப்பினப் பெண் பாரிஸ்டர் (வழக்கறிஞர்) ஒருவரை ஒரே நாளில் மூன்று முறை குற்றம் சாட்டப்பட்டவர் என்று நினைத்துவிட்டார்கள். நீதிமன்ற நிர்வாகத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார். ஒரு முறையோடு நின்றிருந்தால் ‘ஆள் தெரியாமல் நடந்தது’ என்று போயிருக்கும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன அவமதிப்புகளுக்கு மைக்ரோ அக்ரெஷன் என்று 1970-ல் பெயர் வைத்த மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் சொன்னதும் இதுதான்: தனியாகப் பார்த்தால் அற்பம், சேரச் சேரத்தான் பாரம். நாமோ எதற்கும் சாட்சி எங்கே, உள்நோக்கம் எங்கே என்று கேட்டே பழகியவர்கள். அப்படிக் கேட்டால் இதில் ஒன்றுகூடக் குறுக்கு விசாரணையில் நிற்காது. ஆனால் விபத்து வழக்கில், “வேணும்னு இடிக்கல” என்று ஓட்டுநர் சொன்னதும் இழப்பீட்டை விட்டுவிடுகிறோமா?

பதவி உயர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. 2015-ஆம் ஆண்டு அமர்வில் நீதிபதிகளின் பேச்சில் நடந்த குறுக்கீடுகளில் ஏறக்குறைய 66 சதவீதம் அங்கிருந்த மூன்று பெண் நீதிபதிகள் மீதுதான். நீதிபதியின் பேச்சையே வழக்கறிஞர்களும் வெட்டியிருக்கிறார்கள், யோசித்துப் பார்! “மன்னிக்கவும்”, “ஒன்று கேட்கலாமா” போன்ற பணிவான தொடக்கங்களை அந்தப் பெண்கள் காலப்போக்கில் குறைத்துக்கொண்டார்களாம். 2021-ல் ஒவ்வொரு நீதிபதிக்கும் முறை வைத்துக் கேள்வி நேரம் ஒதுக்கினார்கள். அந்த மாற்றத்துக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளும் ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயரே சொன்னார். யாருக்கும் உபதேசம் செய்யாமல், பேசும் ஒழுங்கை மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே சுற்றறிக்கை எழுதி நேரத்தை வீணாக்காதே. பாதிக்கப்பட்டவளே வாய் திறக்க வேண்டும் என்றும் காத்திருக்காதே; அவள் பேசினால் ‘தொட்டாற்சிணுங்கி’ என்ற பெயர்தான் மிஞ்சும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். “இந்தக் கேஸை நடத்துறது இவங்கதான், இவங்ககிட்டயே சொல்லுங்க.” அந்தப் பையன் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு. ஒருவரின் யோசனையை இன்னொருவர் தனதாகச் சொன்னால், “அவங்க அப்பவே சொன்னாங்களே, அவங்களே முடிக்கட்டும்” என்று நீ சொல்லு. யாராவது கிண்டலாக ஏதாவது சொன்னால், “என்ன அர்த்தத்துல சொன்னீங்க?” என்று சாதாரணமாகக் கேள். பெரும்பாலானவர்களுக்கு விளக்கம் சொல்ல வராது.

அப்புறம், உன் டைரியையும் ஒரு தடவை புரட்டிப் பார். வாய்தா வாங்க யார் போகிறார்கள், வாதம் செய்ய யார் போகிறார்கள், கூட்டத்தில் குறிப்பெடுப்பது எப்போதும் யார் என்று. அங்கேதான் நிஜமான சேதம் இருக்கும்.

நீதிபதியே அப்படிப் பேசினால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கட்சிக்காரரின் வழக்கு அவர் கையில் இருக்கிறது. கோர்ட் ஹாலில் பொறுத்துக்கொண்டு, பிறகு சீனியர் யாராவது போய்ப் பேசுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

அந்த ஜூனியருடைய அடுத்த வழக்கு வாதத்துக்கு வரும்போது நீ போய்ப் பக்கத்தில் உட்காராதே. உட்கார்ந்தால் கட்சிக்காரர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உன் தோழி