சம்பளம் 3,000 ரூபா கூடினால் சோற்றுப் பார்சல் எவ்வளவு கூட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 27,000 ரூபாவிலிருந்து 30,000 ஆகியுள்ளது. விலை ஏன் ஏறியது என்று கேட்டால், "ஆளுக்குச் சம்பளம் கூடிவிட்டது" என்பதே முதலில் வரும் பதில். அதைக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாளி கட்டும் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம். இவற்றையும் சேர்த்தால் ஓர் ஊழியருக்கு மாதம் 3,450 ரூபா கூடுகிறது. நாலு பேர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு 13,800. நாளுக்கு 120 பார்சல், மாதம் 26 நாள் விற்றால், ஒரு பார்சலுக்கு நாலரை ரூபா கூட வராது. ஐம்பது ரூபா ஏற்றிவிட்டுச் சம்பளத்தில் பழி போடுவது நியாயமில்லை. ஆனால் ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால், அதே நாலு பேரை வைத்து 40 பார்சல்தான் விற்கும் கடையும் உண்டு. அங்கே 13 ரூபா ஏறும். ஓர் ஆளின் வேலையில் எத்தனை பார்சல் விற்கிறது என்பதைப் பார்க்காமல் சம்பளத்தை மட்டும் பேசிப் பயனில்லை.

சுவிஸில் முடிவெட்டும் கூலி ஏன் அவ்வளவு அதிகம்? கிளிநொச்சிச் சலூன்காரரைவிட அங்குள்ளவர் வேகமாக வெட்டுவதில்லை. அங்கே தொழிற்சாலை இயந்திரங்களின் பலத்தால் நல்ல சம்பளம் கொடுக்கிறது. சலூனும் அதற்குக் கிட்டக் கொடுக்காவிட்டால் ஆள் நிற்காது. பலாசா, சாமுவேல்சன் என்ற பொருளியலாளர்கள் 1964இல் தனித்தனியே இதை விளக்கினார்கள். பால்மா, டீசல், யூரியா அப்படியல்ல. உலக விலையும் டொலரும் வரியுமே அவற்றின் விலை. வன்னியில் கூலி குறைவு என்பதற்காக அவை மலிவாகக் கிடைக்காது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, கூலி அப்படியே கிடக்க விலைதான் பறந்தது.

அரிசியைப் பாருங்கள். 100 கிலோ நெல்லைக் குத்தினால் சுமார் 65 கிலோ அரிசி. 2025இல் அரசு அறிவித்த 120 ரூபாவுக்கு 'நாடு' வகை நெல் வாங்கினால், ஒரு கிலோ அரிசியில் நெல்லின் விலை மட்டும் 185. அப்போது நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230. இடையில் உள்ள 45 ரூபாவுக்குள் நெல்லை அவித்தல், காயவைத்தல், மின்சாரம், சாக்கு, லொறி, மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாம் அடக்கம். அந்த 45உம் முழுக்கக் கூலி என்றே வைத்தாலும், சம்பளம் ஏறிய அதே 11 வீதம் ஏறினால் கிலோவுக்கு 5 ரூபாதான். வன்னி நெல் பொலனறுவை ஆலைகளுக்குப் போய் அரிசியாகத் திரும்பி வந்தால் இரண்டு லொறிக் கூலி. போகும்போது உமியையும் தவிட்டையும் சேர்த்தே சுமக்கிறோம். நெல்லைக் காயவைத்துக் குத்தும் வசதி வன்னியிலேயே பெருகினால் அந்தச் செலவு குறையும்.

தங்கள் பத்திரிகை வாரச் சந்தை விலைப் பட்டியலுடன் டொலர், டீசல், நெல் கொள்வனவு விலைகளையும் பக்கத்தில் அச்சிட வேண்டுகிறேன். எது ஏறியதால் எது ஏறியது என்பதை வாங்குபவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி