ஊசிமேல் ஊசி வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்து முறை மாடிக்கு ஏறி இறங்குகிறாள். நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பாள். அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவன் பேசத் தொடங்கிவிட்டான். என்ன சொல்கிறான் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் ஆளுக்கு ஆள் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

விசேஷம் இல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். எழுதிவைத்தால் என்றைக்காவது ஒருநாள் முழுசாகப் படிப்பாய்.

புது வேலையில் ராத்திரிச் சாப்பாடு ரொம்பத் தாமதமாகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். வாரக்கடைசியில் தோழிகளோடு வெளியே சாப்பிடுகிறாயாம். நல்லதுதான். சாப்பாட்டை வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. உனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து, "இந்தப் பிள்ளைக்கு இனிமேல் சோறே காட்டாதே" என்று பெரியம்மா சொன்ன அன்றைக்கு நான்தான் எதிர்த்துப் பேசினேன். இன்சுலின் இல்லாத காலத்தில் வைத்தியமே அதுதான், பட்டினி போட்டு நாளைத் தள்ளுவது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயது லெனார்டு தாம்ப்சனுக்கு முதல் ஊசி போட்டார்களே, அந்தப் பையன் கதையை எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாய். அதற்குப் பிறகும் பட்டினி எதற்கு? சாப்பிடு. கணக்குப் போட்டுச் சாப்பிடு என்பதுதான் என் கட்சி.

கணக்கில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. 500-ஐ ஒரு நாளின் மொத்த இன்சுலின் யூனிட்டால் வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்துக்குக் காணும் என்று வரும். 1800-ஐ வகுத்தால், ஒரு யூனிட் ரத்தச் சர்க்கரையை எத்தனை புள்ளி இறக்கும் என்று வரும். பள்ளிக்கூட நாளில் உனக்கு நாளுக்கு 40 யூனிட். 12 கிராமும் சொச்சமும், 45 புள்ளி. மஞ்சள் நோட்டின் முதல் பக்கத்தில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. வகுத்தலில் நீ மட்டும் எப்படி முழு மதிப்பெண் என்று டீச்சர் கேட்டதற்கு, "நான் தினமும் மூணு வேளை போடறேன் மிஸ்" என்றாயாம். அதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இப்போது டாக்டர் உன் எண்களை மாற்றியிருப்பார். அதை நான் கேட்கவில்லை.

ஒன்றுதான் சொல்ல வந்தேன். சின்னச் சாப்பாட்டுக்குக் கண்ணளவு போதும், பெரிய சாப்பாட்டுக்குப் போதாது. 30 கிராமை மதிப்பிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு தவறினால் 6 கிராம், அரை யூனிட்தான். 120 கிராமில் அதே அளவு தவறினால் 24 கிராம். இரண்டு யூனிட், சுமார் 90 புள்ளி! மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். வெளியே சாப்பிடும்போது தராசு கொண்டு போக முடியாது, தெரியும். குவித்துச் சாப்பிடாதே என்று சொல்வதற்கு இதுதான் காரணம். உன் எடையைப் பற்றியோ அழகைப் பற்றியோ அம்மா சொல்வதை நான் சொல்லவில்லை.

அப்புறம் நேரம். ஊசியை எப்போது போடுகிறாய்? வேகமான இன்சுலின் என்று பெயர்தான். தோலுக்கு அடியில் போனபின் வேலையைத் தொடங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும், உச்சத்துக்கு வர ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம். சோறும் கிழங்கும் ரொட்டியும் அதுவரை காத்திருக்காது. அதனால்தான் சாப்பாட்டுக்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்னால் போடச் சொல்கிறார்கள். சுகர் ஏற்கெனவே 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டலில் எப்போது கொண்டுவருவார்கள் என்று தெரியாவிட்டால், தட்டு கண்ணில் படும்போதாவது போடு. சாப்பிட்டு முடித்துவிட்டு, எல்லோரும் பில்லைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பாத்ரூமுக்குப் போய்ப் போடாதே. அப்படிச் செய்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஆபீசில் யாருக்கும் தெரியாது என்று மட்டும் அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடுவிலேயே சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்ட பிள்ளை நீ. இப்போது என்ன வெட்கம்?

தாமதமாகப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஒரு மணி நேரத்தில் 280 என்று காட்டும். கோபம் வரும். உன் கோபம் எனக்குத் தெரியும், அது என் அம்மாவிடமிருந்து வந்தது. உடனே மூன்று யூனிட். இன்னும் இறங்கவில்லையே என்று அடுத்த மணி நேரத்தில் இன்னும் மூன்று. முதல் ஊசி பாதிகூடச் செலவாகியிருக்காது, பாப்பா. ஒரு ஊசி உடம்பில் மூன்று மணி முதல் ஐந்து மணி நேரம் நிற்கும். உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் காட்டுவதும் ரத்தத்தில் உள்ள சர்க்கரை அல்ல, தோலுக்கடித் திரவத்தில் உள்ளது. அது சில நிமிடம் பின்தங்கித்தான் வரும். நீ படுத்துத் தூங்கியபின் மூன்று ஊசியும் சேர்ந்துகொள்ளும். பதினொரு மணிக்கு 280, இரண்டரைக்கு 52. இப்படி இறங்கும் ஒரு வரைகோட்டை நான் பார்த்திருக்கிறேன். எங்கே பார்த்தேன் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு இரண்டரை மணிக்கு நான் போன் செய்தது உனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை அல்ல, நீ எடுக்கும்வரை செய்துகொண்டே இருந்தேன். அறைத்தோழியும் எழுந்துவிட்டாள். சரி, அதை விடு.

அதற்குப் பிறகு என் போனில் உன் சென்சார் எண்களைக் காட்டும் அந்தச் செயலி வேலை செய்வதில்லை. "தகவல் இல்லை" என்றே நிற்கிறது. அண்ணனிடம் காட்டினேன். போனில் ஒரு கோளாறும் இல்லை என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? பழைய போன், அப்படித்தான் இருக்கும். புதிது வாங்கலாமா என்று பார்க்கிறேன்.

ஊசிமேல் ஊசி போடாதே. ஏறிய சர்க்கரையை இறக்கத் திருத்த ஊசி போட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால், முன்னால் போட்டதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் கழித்துப் பார். இன்சுலின் பம்ப் அதைத் தானே கழித்துவிடும், ஊசிப் பேனாவில் நீதான் கழிக்க வேண்டும். சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்கிறார்கள். அதற்காக ஒருநாள் 240 போனால் குடி முழுகாது. 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் பத்தில் ஏழு பங்கு நேரம் இருந்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதுமான இலக்கு. நூற்றுக்கு நூறு வாங்கும் பழக்கத்தை இதில் விட்டுவிடு.

எண்ணெயும் சீஸும் ஏறிய சாப்பாடு வேறு மாதிரி. முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் சமர்த்தாக இருக்கும். கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்தும், மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். அதற்குச் சிலருக்கு டோஸைப் பிரித்துப் போடச் சொல்வார்கள். உனக்கு எப்படி என்று டாக்டரிடம் கேள், நீயாக ஆரம்பிக்காதே. காய்கறியையும் பருப்போ முட்டையோ இறைச்சியோ இருப்பதையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும். பத்து நிமிட நடையும் உதவும். ஆனால் உடம்பில் ஊசி இருக்கும்போது நடந்தால் வேகமாக இறங்கும், குளுக்கோஸ் மாத்திரை பையில் இருக்கட்டும். இடத்தை மாற்றி மாற்றிக் குத்து. வயிற்றில் தடித்துப்போன இடத்தில் இன்சுலின் ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. குடிப்பதைப் பற்றி அப்பா எதுவும் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். ஈரல் மதுவைக் கரைக்கும் வேலையில் இருந்தால் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைத்துவிடும், இறக்கம் விடியற்காலையில்கூட வரலாம். அந்த மாதிரி ராத்திரியில் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது, படுக்கும்முன் திருத்த ஊசியும் கூடாது.

எனக்கு 280-ஐக் கண்டு பயமில்லை. நீ அன்றைக்குப் போனை எடுத்து, "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றாயே, அதுதான் பயம். முன்பெல்லாம் 70-க்கு வரும்போதே கை நடுங்கும், நெற்றி வேர்க்கும், எரிந்து விழுவாய். சித்தப்பா கல்யாணத்து ராத்திரி அந்த நடுக்கம்தான் நம்மைக் காப்பாற்றியது. அடிக்கடி இறங்கினால் உடம்பு அந்த எச்சரிக்கையை நிறுத்திவிடும். 52-லும் சும்மா இருப்பதுபோல் தோன்றும். சில வாரம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அது பெரும்பாலும் திரும்பி வரும் என்கிறார் நம் பழைய டாக்டர். உன் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன். இந்தச் சில வாரம் இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கலாமா என்று உன் டாக்டரிடம் நீ கேள். அதற்காக ஊசியை விட்டுவிடாதே. அது இதைவிட ஆபத்து.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும். இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஆயிரத்து ஒன்றாவது தடவையாக இருக்கட்டும். அறைத்தோழிக்கு குளுக்ககான், அதுதான் சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து, எங்கே இருக்கிறது என்று காட்டினாயா? நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னாயா? அன்றைக்குப் பாதித் தூக்கத்தில் எழுந்து பழச்சாறு எடுத்துத் தந்தவள் அவள்தானே. நல்ல பெண். நான் போன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். உன்னிடம் கேட்கவில்லை, மறுபடி அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் மறுபடியும் செய்வேன். பார்க்க முடிந்தால்.

நீ தனியாக இருந்து, வேலை பார்த்து, இத்தனையும் சமாளிப்பது சின்ன விஷயம் இல்லை. இங்கே வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமை பேசுகிறாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஊசிமேல் ஊசி மட்டும் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியைப் போட்டுவிட்டு உடனே எனக்குப் போன் செய். அந்தப் பதினைந்து இருபது நிமிடம் சும்மாதானே இருப்பாய், பேசிக்கொண்டிருக்கலாம். எண் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். அம்மா கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அப்பா