அம்பை நோகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

'உலகின் படுமோசமான பத்து விமானங்கள்' என்று பட்டியல் தொகுப்பவர்களுக்கும், அதை வாங்கி அச்சிடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பட்டியல்களை நான் இருபது வருடமாக விடாமல் படித்து வருகிறேன். வரிசை மாறும், படங்கள் மாறும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான ஃபேரி பேட்டில் மட்டும் தவறாமல் எங்காவது நடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் கீழே இரண்டு வரி: மந்தமானது, போதிய துப்பாக்கி இல்லாதது, 1940 மே மாதம் பிரான்சில் ஈசல்போல் விழுந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

அந்த இரண்டு வரியில் பொய் எதுவும் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். பொய் இருந்தால் மறுத்துவிட்டுப் போய்விடலாம்.

பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் ஒட்டுவது என் பொழுதுபோக்கு. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்த பேட்டிலும், ஹரிக்கேன் என்ற சண்டை விமானமும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஹரிக்கேனின் இறக்கை பதினேழு சென்டிமீட்டர், பேட்டிலுக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று. மூக்குக்குள் இருப்பது இரண்டுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். ஒரு சின்னச் செய்தி சொல்கிறேன்: பிற்பாடு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தையும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தையும் தூக்கிச் சுமந்த அந்த மெர்லினைப் பொருத்தி வரிசை உற்பத்தியில் முதலில் வெளிவந்தது உங்கள் பட்டியலில் கிடக்கும் இந்தப் பேட்டில்தான். ஆனால் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறனைக் கொண்டு ஹரிக்கேன் ஓர் ஆளையும் மூன்று டன்னையும் சுமந்தது. பேட்டில் மூன்று ஆட்களோடும் குண்டுகளோடும் ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவாகச் சுமந்தது. ஒட்டும்போது கையிலேயே தெரிந்துவிடும். அந்த நீண்ட கண்ணாடிக் கூண்டு என் சுண்டுவிரலைவிட நீளம். அதன் முன்கோடியில் விமானி, பின்கோடியில் பின்பக்கம் பார்த்தபடி ஒற்றைத் துப்பாக்கியோடு வானொலிக்காரர். இடையில் இருக்கும் நோக்கர் குண்டு போடும் நேரத்தில் தரையில் குப்புறப் படுத்து, விமானியின் இருக்கைக்கு அடியிலுள்ள திறப்பு வழியாகக் கீழே பார்க்க வேண்டும். முன்பக்கம் சுடுவதற்கு வலது இறக்கையில் இன்னொரு துப்பாக்கி. மொத்தம் இரண்டு.

இப்படி ஒன்றை யார் கேட்டார்கள்? பிரிட்டிஷ் விமான அமைச்சகம் கேட்டது. அதன் தேவைக் குறிப்பின் எண் பி.27/32. அப்போது கையில் இருந்த ஹார்ட் என்ற இரட்டை இறக்கை விமானத்துக்கு மாற்று தேடினார்கள். ஹார்ட் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தொடாது. மார்செல் லோபெல் வடிவமைத்து 1936 மார்ச் 10 அன்று முதன்முதலாகப் பறந்த பேட்டில் நானூறைத் தாண்டியது, ஹார்ட்டைப்போல் இரு மடங்கு குண்டைச் சுமந்தது. அன்றைக்கு அது புத்தம்புதுச் சரக்கு. உலோக உடல், ஒற்றை இறக்கை, மடங்கும் சக்கரம். கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், மாவு புளிப்பதைப்போல அந்தப் பத்தாண்டில் விமானங்கள் ஒரே இரவில் பழையவை ஆயின. 1937இல் படைக்கு வந்தபோதே பேட்டிலுக்கு வயது தெரிய ஆரம்பித்துவிட்டது. 1939இல் எதிரில் நின்ற ஜெர்மானியச் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதைவிட மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகமாக வந்தது.

இது அமைச்சகத்துக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தயாரிப்பை நிறுத்தவில்லை. ஹிட்லரின் விமான எண்ணிக்கைக்கு ஈடாக ஓர் எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது. புதிய தொழிற்சாலைகளுக்கு வேலை வேண்டும், வேலையாட்களைக் கலைக்கக் கூடாது. லாங்பிரிட்ஜில் கார் செய்த ஆஸ்டின் நிறுவனத்தின் ஆலையிலும் பேட்டில் வார்த்தார்கள். கடைசியில் 2,100க்கும் மேல் செய்து குவித்தார்கள். 'மோசமான விமானம்' என்ற உங்கள் தலைப்பின்கீழ் இந்தக் கணக்கை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எச்சரிக்கை கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. போர் தொடங்கியதும் பத்துப் பேட்டில் படைப்பிரிவுகள் பிரான்சின் ரான்ஸ் நகரைச் சுற்றி இறங்கின. 1939 செப்டம்பர் 30 அன்று 150ஆம் பிரிவின் ஐந்து விமானங்கள் சார்ப்ரூக்கன் பக்கம் வேவு பார்க்கப் போய் மெஸ்ஸர்ஷ்மிட்டுகளிடம் மாட்டின. நான்கு விழுந்தன. ஐந்தாவது திரும்பி வந்து இறங்கும்போதே நொறுங்கியது. பகலில் துணையில்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் ஏழு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

மே 10. ஜெர்மானியர் லக்சம்பர்க் வழியாக வந்தபோது 32 பேட்டில்களைத் தாழப் பறந்து தாக்கச் சொன்னார்கள். உயரம் சுமார் 75 மீட்டர். இருபது இருபத்தைந்து மாடிக் கட்டட உயரத்தில், சாலையில் வரிசையாக வரும் படைமீது போகிறார்கள். கீழே இருக்கும் ஒவ்வொருவன் கையிலும் ஏதோ ஒரு துப்பாக்கி. பெட்ரோல் தொட்டிக்கு ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் உறை கிடையாது. 13 திரும்பவில்லை. மறுநாள் போன எட்டில் ஏழு திரும்பவில்லை. நடு உயரத்திலிருந்து குண்டு போடச் செய்த வண்டியை மர உச்சியை உரசிக்கொண்டு போகச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

மே 12 அன்று நடந்ததை நீங்களும் எழுதுகிறீர்கள், ஆனால் ஒரே வரியில். பெல்ஜியத்தின் ஆல்பர்ட் கால்வாய்மீது வெல்ட்வெசெல்ட், வ்ரோன்ஹோவன் என்ற இரண்டு பாலங்கள். முந்தின நாள் பெல்ஜியக்காரர்கள் அவற்றைத் தகர்க்கத் தங்கள் சொந்தப் பேட்டில்கள் ஒன்பதை அனுப்பி ஆறை இழந்தார்கள். அவர்கள் போட்டவை ஐம்பது கிலோ குண்டுகள், பாலம் அசையவில்லை. அடுத்து பிரிட்டிஷாரின் 12ஆம் பிரிவு. யார் போகிறீர்கள் என்று கேட்டபோது பிரிவே முன்வந்தது. ஐந்து விமானங்கள் கிளம்பின. நான்கு சுட்டு வீழ்த்தப்பட்டன, ஐந்தாவது தட்டுத்தடுமாறி வழியிலேயே இறங்கியது. ஒரு பாலத்தின் மேற்கு முனை சேதமடைந்தது. முன்னால் போன விமானத்தில் இருந்தவர்கள் விமானி டொனால்ட் கார்லண்ட், நோக்கர் தாமஸ் கிரே, பின்னிருக்கைத் துப்பாக்கியில் லாரன்ஸ் ரெனால்ட்ஸ். மூவரும் இறந்தார்கள். கார்லண்டுக்கும் கிரேக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தப் போரில் அரச விமானப்படைக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ்கள் அவை. ரெனால்ட்ஸுக்கு ஒன்றும் இல்லை. அதே கூண்டு, அதே தீ, அதே நிமிடம். என் மாதிரி விமானப் பெட்டியில் ஆள் உருவங்களும் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதை வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து, கால்களைக் கொஞ்சம் சீவி, பின்பக்கம் பார்க்க உட்காரவைத்தேன்.

இனி நான் உங்களிடம் உண்மையில் கேட்க வந்த கேள்வி. மே 13 அன்று செடான் நகரில் மியூஸ் ஆற்றங்கரையில் ஸ்டூக்கா என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் மணிக்கணக்கில் குண்டு பொழிந்து பிரெஞ்சுக் காவலைக் குலைத்தன. மறுநாள் அதே ஆற்றின் பாலங்கள்மீது 63 பேட்டில்களும் பிளென்ஹைம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் எட்டும் போயின. எழுபத்தொன்றில் நாற்பது திரும்பவில்லை, அவற்றில் 35 பேட்டில்கள். உங்கள் புத்தகங்களில் ஸ்டூக்கா 'அஞ்சவைத்த ஆயுதம்', பேட்டில் 'பறக்கும் சவப்பெட்டி'. சரி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஸ்டூக்கா பேட்டிலைவிட மெதுவானது. அதற்கும் பின்னால் ஒற்றைத் துப்பாக்கிதான். செங்குத்தாகப் பாய்ந்து குறி தவறாமல் போடும் என்பது உண்மை, அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் அதற்கு முன்னும் மேலும் சண்டை விமானங்கள் பறந்து வானத்தைத் துடைத்து வைத்தன. ஆகஸ்டில் தெற்கு இங்கிலாந்தின்மேல் அந்தத் துடைப்பு கிடைக்காதபோது ஸ்டூக்காவும் கொத்துக்கொத்தாக விழுந்தது, 18ஆம் தேதிக்குப் பிறகு அந்த வானத்திலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். பேட்டில்கள் போன மே 14 அன்று செடான் பாலங்களைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நெருக்கமாக நட்டு வைக்கப்பட்டிருந்தன.

பேட்டிலின் குறைதான் காரணம் என்று இன்னும் சொல்வீர்களானால், மே 17ஐப் பாருங்கள். ஜெம்ப்லூ பக்கம் 82ஆம் பிரிவின் 12 பிளென்ஹைம்கள் போயின. இரண்டு எஞ்சின், பேட்டிலைவிட வேகம். ஒன்றே ஒன்றுதான் திரும்பியது. பிளென்ஹைமை உங்கள் பத்தில் நான் பார்த்ததில்லை.

பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதி ஆர்தர் பாரட்டைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சுத் தலைமை கையைப் பிடித்துக் கெஞ்சுகிறது, அவரிடம் இருப்பது இவைதான். என் கோபம் அவருக்கு மேலே லண்டனில் இருந்தவர்கள்மீது. தரைப்படைக்கு விமானம் எப்படித் துணை நிற்பது என்பதைப் பல ஆண்டுகள் யாரோ வீட்டு வேலை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, போர் வெடித்தபிறகு கையில் கிடைத்ததை அள்ளி வீசியவர்கள் அவர்கள்.

அந்த மாதத்திலேயே பேட்டில்களை இரவுப் பறப்புக்கு மாற்றினார்கள். இழப்பு சட்டென்று குறைந்தது. இருட்டில் குறி தப்பியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். செப்டம்பரில் போலந்து விமானிகளின் 300, 301ஆம் பிரிவுகள் இதே விமானத்தில் பூலோன் துறைமுகப் படகுகளைத் தாக்கித் தங்கள் போரைத் தொடங்கின. பிறகு கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நூற்றுக்கணக்கான பேட்டில்கள் மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு, துப்பாக்கிப் பயிற்சிக்கும் இலக்குத் துணி இழுக்கவும் வருடக்கணக்கில் உழைத்தன. அங்கே அதைப் பற்றி யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லை. நிதானமாகப் பறக்கும், பயிற்சிப் பையன்களைத் தாங்கும்.

பேட்டில் நல்ல விமானம் என்று எழுதும்படி நான் கேட்கவில்லை. 1940இல் அது காலாவதியான சரக்கு, பகல் போருக்கு லாயக்கற்றது. அடுத்த பதிப்பில் அதை எடுக்க மனமில்லை என்றால் இருக்கட்டும். அந்த இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி சேருங்கள்: பழையது என்று தெரிந்த பிறகும் எத்தனை செய்தார்கள், செப்டம்பர் 30இல் தெரிந்த பிறகும் எத்தனை பேரை அதில் ஏற்றினார்கள் என்று. இடம் போதவில்லை என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். எப்படியும் பாதிப் பட்டியல்களில் நீங்கள் போடும் படம் கனடாவின் பயிற்சிப் பேட்டில்தான். இரண்டு தனித்தனிக் கண்ணாடிக் கூண்டு இருக்கும், பார்த்தாலே தெரியும். பிரான்சுக்குப் போனது அதுவல்ல.

இப்படிக்கு,
மாதிரி விமானம் ஒட்டும் ஒரு வாசகன்